கல் ஆடும்போது இடுக்கைப் பூசலாமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டு முற்றங்களுக்குக் கல் பதிக்கும் வேலை என்னுடையது. ஆண்டுக் கடைசி மழை நெருங்குகிறது, கேள்விகளும் கூடிவிட்டன.

அண்ணே, முன்வாசலில் நாலைந்து கல் மிதித்தால் ஆடுகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சிமெண்டுக் கலவை அடைத்தால் ஆட்டம் நின்றுவிடுமா?

நிற்காது தம்பி. இடுக்குக் கலவை தண்ணீர் இறங்காமல் தடுக்கத்தான், கல்லைத் தாங்க அல்ல. அடியில் பொள்ளலாக, அதாவது வெற்றிடமாக, இருந்தால் மிதிக்கும்போதெல்லாம் கல் அசையும். கலவை முதலில் மயிரிழையாக வெடிக்கும், அப்புறம் பொருக்குப் பொருக்காகப் பெயரும். அந்த வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கி அடிமணலை அரித்தால் பள்ளம் இன்னும் பெரிதாகும். ரப்பர் சுத்தியலால் எல்லாக் கல்லையும் நடுவிலும் மூலைகளிலும் தட்டுங்கள். பொள்ளென்று கேட்கும் கல்லில் சாக்கட்டியால் குறி போடுங்கள். ஆடாத கல்லிலும் பொள்ளல் இருக்கலாம்.

கல்லைக் கிளப்ப வேண்டாம், இடுக்கு வழியாகச் சிமெண்டுப் பால் ஊற்றினால் போதும் என்கிறார் வேலைக்கு வந்தவர். சரியா, அண்ணே?

அவருக்குச் சுலபம், அவ்வளவுதான் அக்கா. தண்ணியாகக் கரைத்த சிமெண்டு காயும்போது சுருங்கும். காற்று வெளியேற வழியில்லாத மூலைக்குப் போய்ச் சேராது, சேர்ந்ததா என்று பார்க்கவும் முடியாது. கிளப்பினால் உடையும் என்ற கல்லுக்கு மட்டும், காயும்போது சுருங்காத கிரவுட் (வெற்றிடத்தை நிரப்பும் கலவை) வாங்கி ஊற்றலாம்.

மற்றதைக் கிளப்பத்தான் வேண்டும். பழைய இடுக்குக் கலவையைச் சுரண்டிவிட்டு, பட்டை உளியால் மெல்ல நெம்புங்கள். அடியில் பெரும்பாலும் ஐந்து உருண்டைக் கலவைதான் இருக்கும்: மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. சிமெண்டை மிச்சம் பிடித்த லட்சணம்! அதை உடைத்து அள்ளுங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரம். 3 முதல் 4 செ.மீ. கனத்துக்கு இடம் விடாமல் பரப்புங்கள். கல்லின் அடியைக் கழுவி, சிமெண்டுப் பாலைக் கெட்டியாகப் பூசி, ஈரம் காயுமுன் வையுங்கள். அந்தப் பாலுக்கு இதுதான் இடம். தட்டி மட்டம் பார்க்கும்போது, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 80 செ.மீ.க்கு 1 செ.மீ. சரிவு இருக்கட்டும்.

ஐயா, இடுக்கிலிருந்து எறும்பு மணலை வெளியே தள்ளுகிறது. மருந்து போதுமா?

எறும்பு சாகும், குழி நிரம்பாது. அந்தக் கல்லையும் தட்டிப் பாருங்கள்.

பழைய ஈயச் சுரங்கத்து மணல் சும்மா கிடைக்கிறது, மாமா. போடலாமா?

ஒரு போத்தலில் பாதி மணல், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே சேறு தடிப்பாகப் படிந்தால் வேண்டாம், கழுவிய மணலைக் காசு கொடுத்தே வாங்குங்கள்.

இடுக்கு எப்போது பூசலாம், அண்ணே? தினமும் சாயங்காலம் மழை.

கல் பதித்து இரண்டு நாளாவது மிதிக்காமல் விடுங்கள். பிறகு மறுபடி தட்டுங்கள், பொள்ளல் கேட்காவிட்டால் மட்டும் பூசுங்கள். காலையிலேயே தொடங்கி, கலவையை இடுக்கின் அடிவரை அழுத்தித் திணியுங்கள். மேலாக வழித்தால் தகடாகப் பெயரும். மத்தியானத்துக்குள் முடித்து, பிளாஸ்டிக் விரித்து, ஓரங்களில் செங்கல் வையுங்கள்.