கீரை விதை முளைக்கவில்லை, டானிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, மாடியில் மூன்று தொட்டிகளில் ஸ்பினாச் கீரை விதைத்தேன். முதல் முறை 40 விதை போட்டதில் 6தான் முளைத்தது. அதிலும் 4 செடி அடித்தண்டு கருத்துச் சாய்ந்துவிட்டது. மறுபடி விதைத்தபோது 12 முளைத்தது. ஆனால் நாலைந்து இலை வருவதற்குள் நடுவில் தண்டு நீண்டு மொட்டு கட்டிவிட்டது. நல்ல வெயில் விழும் இடம்தான். காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன். விதை வாங்கிய கடையில் வேர் வளர்ச்சி டானிக்கும் 19:19:19 உரமும் கொடுத்தார்கள். எந்த அளவில், எப்போது கொடுக்க வேண்டும்?

பதில்: டானிக் வேண்டவே வேண்டாம். 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு விதையிலைகளைக் கணக்கில் சேர்க்காமல் நான்கு உண்மை இலைகள் வந்த பிறகு, லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் அளவில் 15 நாளைக்கு ஒருமுறை கொடுங்கள், போதும். தொட்டி மண்ணில் மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ தாராளமாக இருந்தால் அதுவும் தேவைப்படாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அந்த விதைக்கு உயிர் இருக்கிறதா? முளைக்கும் விதைக்கு வேண்டிய உணவு அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து அது கேட்பது ஈரம், காற்று, ஏற்ற வெப்பம் மட்டும்தான். உயிர் போன விதைக்கு எந்த டானிக்கும் உயிர் கொடுக்காது. ஸ்பினாச் விதை நீண்ட நாள் தாங்குவதில்லை. நன்றாகச் சேமித்தாலே இரண்டு மூன்று வருடம்தான். வெக்கையும் ஈரக்காற்றும் பட்டால் அதற்கும் முன்பே கெட்டுவிடும். கடை வாசலில் வெயில் படும்படி விதைப் பொட்டலங்களைத் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அப்படிப்பட்ட விதையை விற்றுவிட்டு, முளைக்கவில்லை என்று வந்து நிற்பவரிடம் டானிக் புட்டியை நீட்டுவது வியாபாரம் இல்லை, ஏமாற்று.

அதனால் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்றே: சோதித்துப் பார்க்காமல் விதைக்காதீர்கள். 20 விதையை எண்ணி ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. 10 நாள் கழித்து வேர் விட்டவற்றை எண்ணுங்கள். 14க்குக் கீழே என்றால் அந்தப் பொட்டலத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். இதில் ஒரு கவனம் தேவை. 15 முதல் 20 டிகிரி வெப்பம்தான் இதற்குப் பிடித்தது. 30 டிகிரியைத் தாண்டினால் நல்ல விதையும் செத்ததுபோலக் கிடக்கும். அதனால் டப்பா வீட்டின் குளிர்ந்த மூலையில் இருக்கட்டும். உங்களுடையது வெயில் மாடி என்பதால், உங்கள் விதை செத்ததா, சூட்டில் தூங்கியதா என்பதே இந்தச் சோதனையில்தான் தெரியும்.

தூங்கிய விதை என்றால் வழி இருக்கிறது. ஈரத்துணியோடு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்து, வேர் நுனி எட்டிப் பார்த்ததும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். சிவப்பு, நீலம் என்று நிறம் ஏற்றிய விதை பூஞ்சாண மருந்து தடவியது. அதை வெறும் கையால் தொடாதீர்கள், சாப்பாடு இருக்கும் ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள்.

தண்டு கருத்துச் சாய்ந்தது நாற்றழுகல் என்ற பூஞ்சாண நோய். இரண்டு வேளைத் தண்ணீர்தான் அதற்கு இடம் கொடுத்திருக்கும். மண்ணில் விரலை வைத்துப் பாருங்கள், மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அழுகல் வந்த தொட்டியில் மண்ணை மாற்றிவிட்டு விதையுங்கள்.

மொட்டு கட்டியதற்கு உரக்குறை காரணமில்லை. பகல் நீண்டாலும் சூடு ஏறினாலும் ஸ்பினாச் பூத்துவிடும். மாடி விளக்கு இரவெல்லாம் எரிந்தால் அதையும் செடி பகலாக எடுத்துக்கொள்ளும். அப்படி எரிகிறதென்றால் அணைத்துவிடுங்கள். குளிர்ச்சியான, பகல் குறுகிய மாதங்களில் விதைப்பதுதான் சரி.

வருடம் முழுக்கக் கீரை வேண்டும், இடமோ வெக்கை என்றால் ஸ்பினாச்சோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாலக் என்ற பெயரில் இரண்டு செடிகள் புழங்குகின்றன. ஒன்று இந்த ஸ்பினாச். மற்றது பீட்ரூட்டின் நெருங்கிய உறவு. அது சூட்டை நன்றாகவே தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். பொட்டலத்தின் படத்தை நம்பாமல் விதையைப் பாருங்கள். பீட்ரூட் வகையின் விதை தக்கைபோலக் கரடுமுரடான உருண்டை, ஒன்றிலிருந்தே இரண்டு மூன்று நாற்று வரும். ஸ்பினாச்சில் ஒரு விதைக்கு ஒரு நாற்றுதான்.

பொட்டலத்தில் விதையைச் சோதித்த தேதி அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். அதையும், 20க்கு எத்தனை முளைத்தது என்பதையும் எழுதுங்கள். மேற்கொண்டு பார்க்கலாம்.