டெல்லித் தொட்டியில் முளைப்பது கீழாநெல்லியா, சிவப்புக் கீழாநெல்லியா?

மழைக்குப் பிறகு டெல்லிப் பூங்காக்களிலும் பூந்தொட்டிகளிலும் கீழாநெல்லி மாதிரியே இரண்டு விதச் செடிகள் முளைக்கின்றன, ஒன்று லேசாகச் சிவந்திருக்கிறது, இதில் எது நம்மூர்க் கீழாநெல்லி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இலையையும் நிறத்தையும் விடுங்கள். கிளையைத் திருப்பிக் காயைப் பாருங்கள்.

இதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். மயூர் விஹாரில் எங்கள் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. நர்சரியிலிருந்து வந்த மண்ணோடு ஏதோ விதையும் வந்திருக்கும் போல, ஆடி மாத மழையில் ஓரமாக ஒரு செடி எழுந்து வந்தது. கீழாநெல்லி என்று குஷியாகி, களை எடுக்க வந்த மாலியை, அதாவது தோட்டக்காரரைக் கூடத் தடுத்து, இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினேன். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினால், அவர் இலையைப் பார்க்கவே இல்லை. "ஏய்யா, காய் தொங்குதா, ஒட்டிக்கிட்டு கெடக்கா?" என்றார். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. "அப்ப அது வேற" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதைக்குப் போய்விட்டார்.

அப்புறம் நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி உட்கார்ந்து பார்த்தேன். அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே பாதி தாவரவியல் இருந்தது.

கீழாநெல்லியின் தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். இதன் காய்க்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு காம்பு உண்டு. அதனால் கிளையின் அடியில் குட்டி விளக்குகள் வரிசையாகத் தொங்குவது போல் இருக்கும். தோல் வழவழப்பு. சிவப்புக் கீழாநெல்லி, அதாவது பில்லாந்தஸ் யூரினேரியா, காம்பே இல்லை என்று சொல்லும்படி கிளையோடு ஒட்டிக் காய்க்கும். காயின் மேல் சின்னச் சின்ன முண்டுகள், பெரும்பாலும் சிவப்புத் திட்டுகள். விரல் நுனியால் தடவினாலே சொரசொரப்பு தெரியும், லென்ஸ் கூட வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் காயின் அடிப்பக்கத்தை எண்ணுங்கள். இந்தச் செடிகளின் பூவில் அல்லி இதழ் கிடையாது, புல்லி இதழ்கள் மட்டும்தான். காய் ஆன பிறகும் அவை உதிராமல் அடியில் நட்சத்திரம் மாதிரி விரிந்து நிற்கும். பூ கடுகை விடச் சிறியது, அதில் எண்ணுவது கண்ணுக்குத் தண்டனை. காயில் எண்ணுவது சுலபம். கீழாநெல்லிக்கு ஐந்து, சிவப்புக் கீழாநெல்லிக்கு ஆறு.

பழுத்த காயை வெள்ளைத் தாளின் மேல் வைத்து நசுக்கினால் விதையும் சாட்சி சொல்லும். கீழாநெல்லி விதையில் வரிகள் நீளவாக்கில் ஓடும், மற்றதில் குறுக்குவாக்கில். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதுதான். இலை வாடலாம், நிறம் வெயிலுக்கு மாறலாம், விதையின் வரி மாறாது.

பூக்கள் அமரும் இடமும் வேறுதான். கீழாநெல்லியில் பெரும்பாலான இலைக் கக்கங்களில், அதாவது இலை கிளையோடு சேரும் இடங்களில், ஒரு ஆண் பூவும் ஒரு பெண் பூவும் ஜோடியாக இருக்கும். சிவப்பில் பெண் பூக்கள் கிளையின் அடிப்பகுதியிலும் ஆண் பூக்கள் நுனிப் பக்கத்திலும் தனித்தனி.

இங்கே 'இலை' என்று எதைச் சொல்கிறேன் என்பதில் ஒரு குழப்பம் வரலாம். புளியங்கன்று போல இரண்டு பக்கமும் சிற்றிலைகள் அடுக்கிய ஒரே கூட்டிலை என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். உண்மையில் அது ஒரு சின்னக் கிளை, அதிலுள்ள ஒவ்வொன்றும் தனி இலை. அதனால்தான் ஒவ்வொன்றின் கக்கத்திலும் காய் வருகிறது. கூட்டிலையின் சிற்றிலைக்கடியில் காய் வராது. கீழ்க்காய்நெல்லி என்ற பெயரும் அந்தக் காய் வரிசையை வைத்துத்தான். கிள்ளினால் பால் வந்தால் இந்த இரண்டுமே இல்லை, அம்மான் பச்சரிசி வகையாக இருக்கலாம்.

சரி, டெல்லியில் இன்னொரு வம்பு இருக்கிறது. இங்கே நடைபாதை ஓரத்தில் நான் எண்ணிய செடிகள் பலவற்றில் காய் வழவழப்பு, காம்பும் உண்டு, ஆனால் அடியில் ஆறு இதழ். அது பில்லாந்தஸ் ஃப்ரேட்டெர்னஸ் என்ற மூன்றாவது சகோதரம், 1955இல் வெப்ஸ்டர் என்ற தாவரவியலாளர் பெயர் வைத்தது. பழைய நூல்களில் இந்தியச் செடிகளைப் பொதுவாக 'பில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதியிருப்பார்கள். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்றும், இங்கே அந்தப் பெயரில் சுட்டப்பட்டவை அமாரஸ், ஃப்ரேட்டெர்னஸ் போன்றவை என்றும் 1985இல் மித்ரா, ஜெயின் இருவரும் விளக்கி எழுதினார்கள். ஹிந்தியில் எல்லாமே 'புயீ ஆவ்லா' என்பதால் மாலியிடம் கேட்டும் பயன் இல்லை.

மஞ்சள் காமாலைக்காகக் கேட்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1988இல் சென்னையில் தியாகராஜன், ப்ளம்பெர்க் குழுவினர் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு அமாரஸ் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போனதாக லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னால் வந்த பல சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலைக்குக் காரணங்கள் பல, பித்தப்பைக் கல் கூட ஒன்று. முதலில் ரத்தப் பரிசோதனை, டாக்டர். செடி ஆராய்ச்சி அப்புறம்.

பூங்காவில் காலை நடையின்போது எத்தனை நாய்கள் வருகின்றன என்பது உங்களுக்கே தெரியும், அங்கே பறிக்க வேண்டாம். நல்ல கீழாநெல்லி ஒன்று கிடைத்தால், காய் முற்றியதாகப் பார்த்து வேரோடு எடுத்து உங்கள் தொட்டியில் வையுங்கள். காய் காய்ந்து வெடித்து விதை தெறிக்கும். அடுத்த மழைக்குப் பக்கத்துத் தொட்டியிலும் அது முளைத்திருக்கும், மாலி பிடுங்காமல் விட்டால்.