லீப் வருடத்தில் பெண்கள் ஆண்களைத் துரத்துவதாக வரைந்த பழைய அமெரிக்க அஞ்சலட்டைகள் யாரைப் பார்த்துச் சிரித்தன?

1908 என்று அச்சிட்ட ஓர் அட்டையில் ஒரு பெண் பூச்சி பிடிக்கும் வலையுடன் ஓர் ஆணைத் துரத்துவதைப் பார்த்ததாகவும், அது பெண்ணின் துணிச்சலைப் பாராட்டுகிறதா, கேலி செய்கிறதா என்று விளங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேலிதான் செய்கிறது என்பது என் முடிவு. ஆனால் அந்த அட்டையை வாங்கி அனுப்பியவர்கள் எல்லாரும் அந்தக் கேலிக்காகத்தான் வாங்கினார்கள் என்று நான் நம்பவில்லை.

பென்சில்வேனியாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கும் அஞ்சலட்டைகளைப் புரட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஈஸ்டர், கிறிஸ்துமஸ், காதலர் தினம் என்று பிரித்து வைத்த அட்டைகளுக்கு இடையில் லீப் வருடம் என்று தனியாக ஒரு கட்டு இருந்ததைக் கண்டு முதலில் வியந்தேன்; அதிலிருந்து அவ்வப்போது வாங்கிய பதினொன்று இப்போது என்னிடம் இருக்கின்றன.

லீப் வருடத்தில், குறிப்பாகப் பிப்ரவரி 29 அன்று, பெண் தானே முன்வந்து ஓர் ஆணிடம் திருமணம் பேசலாம், மறுக்கும் ஆண் பட்டாடையோ கையுறையோ வாங்கித் தர வேண்டும் என்பது ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன வழக்கு. ஐந்தாம் நூற்றாண்டு அயர்லாந்தில் புனித பிரிஜிட் புனித பேட்ரிக்கிடம் பேரம் பேசி இந்தச் சலுகையை வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. 1288இல் ஸ்காட்லாந்து அரசி மார்கரெட் இதைச் சட்டமாக்கினார் என்பது இன்னொரு கதை. அந்த ஆண்டில் மார்கரெட்டுக்கு வயது ஐந்து. அவர் இருந்ததோ நார்வேயில். அப்படி ஒரு சட்டம் ஆவணங்களில் கிடைக்கவும் இல்லை. கதையை அத்துடன் விட்டுவிடலாம்.

அட்டைகள் ஏன் 1908இல் இப்படிக் குவிந்தன என்பதுதான் சுவையான செய்தி. தனியார் அச்சிட்ட அட்டைகளையும் ஒரு சென்ட் கட்டணத்தில் அனுப்பலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1898இல் சட்டம் இயற்றியது; கடிதத்துக்கு இரண்டு சென்ட் ஆன காலம் அது. அடுத்து வந்த 1900, நூற்றாண்டு விதிப்படி (400ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகளுக்குப் பிப்ரவரி 29 கிடையாது) லீப் வருடம் இல்லை என்பதால், 1896க்குப் பிறகு 1904 வரை எட்டு ஆண்டுகள் இந்த வேடிக்கைக்கு வாய்ப்பே வரவில்லை. 1904இலும் அட்டையின் பின்புறம் முகவரிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சேதி எழுத வேண்டுமானால் படத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல எழுத வேண்டும். பின்புறத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம் என்ற அனுமதி 1907 மார்ச் 1 அன்றுதான் வந்தது. (உங்களுக்கு ஓர் அட்டை கிடைத்தால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள், நடுவே கோடு இருந்தால் அது பெரும்பாலும் அந்தத் தேதிக்குப் பிந்தியது.) 1908 ஜூனில் முடிந்த ஒரே கணக்காண்டில் அமெரிக்க அஞ்சல் துறை ஏறத்தாழ 67.7 கோடி அட்டைகளைக் கையாண்டது. நாட்டின் மக்கள்தொகை அப்போது ஒன்பது கோடியைக்கூட எட்டவில்லை. இப்படி நாடே அட்டைப் பித்துப் பிடித்து அலைந்த நேரத்தில் ஒரு லீப் வருடமும் வந்து வாய்த்தது.

இனிப் படங்களைப் பாருங்கள். வலை, தூண்டில், சுருக்குக் கயிறு, துப்பாக்கி, கரடிக்கு வைக்கும் பல் பொறி என்று வேட்டைக் கருவிகள் எல்லாம் அவற்றில் உண்டு. நாம் பேச்சுவாக்கில் "மாப்பிள்ளை பிடிப்பது" என்கிறோமே, அந்தச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் அப்படியே வரைந்து வைத்தது போலிருக்கும். பொறிக்குள் பணப்பையை வைத்துவிட்டுப் பெண் மறைந்து காத்திருப்பாள். ஆண் மரத்தின் உச்சியில் தொற்றிக்கொண்டிருப்பான். துரத்தும் பெண் மிகவும் பருத்தவளாகவோ, எலும்பும் தோலுமானவளாகவோ, மூக்குக் கண்ணாடி அணிந்த முதுகன்னியாகவோதான் பல அட்டைகளில் வருகிறாள். ஆண் எப்போதும் சிறியவன், நடுங்குகிறவன். வாயைத் திறந்து கேட்கும் பெண் வேறு வழியற்றவள் என்பதைத்தான் அந்தப் படம் சொல்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாளைக் கொடுத்து, மற்ற நாட்களில் அவள் காத்திருக்க வேண்டியவள் என்ற விதியை அது மேலும் இறுக்குகிறது. லீப் வருட வழக்கத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கேத்தரின் பார்க்கினும், பெண்ணுக்கு அதிகாரம் தருவது போலக் காட்டி அவளை ஏளனம் செய்ததாகவே இதைப் பார்க்கிறார்.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1908இல் வயோமிங், கொலராடோ, யூட்டா, ஐடஹோ ஆகிய நான்கு மாநிலங்களில்தான் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை இருந்தது. அடுத்த ஆண்டே டன்ஸ்டன் வெய்லர் என்ற அச்சகம் பெண் வாக்குரிமையைக் கேலி செய்து பன்னிரண்டு அட்டைகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்றில் ஓர் ஆண், கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிறான். லீப் வருட அட்டையில் மரமேறிய அதே ஆளுக்குத் திருமணமாகிவிட்டது போல எனக்குத் தோன்றும்.

1909இல் இறக்குமதி வரி உயர்ந்ததால் ஜெர்மனியில் அச்சிட்ட அட்டைகளின் வரத்து குறைந்தது. 1914இல் தொடங்கிய போர் மிச்சத்தையும் நிறுத்தியது. வழக்கம் மட்டும் நிற்கவில்லை. 1937 நவம்பரில் அல் கேப் தம் செய்தித்தாள் சித்திரத் தொடரில், கன்னிப்பெண்கள் ஆண்களை ஓடிப் பிடிக்கும் "சேடி ஹாக்கின்ஸ் நாள்" என்று ஒன்றைக் கற்பனை செய்ய, கல்லூரிகள் அதை உண்மையான விழாவாகவே கொண்டாடத் தொடங்கின.

ஆனாலும் என்னிடம் உள்ள பதினொன்றில் ஒன்றுகூட ஒரு பெண் ஓர் ஆணுக்கு அனுப்பியது இல்லை. முகவரிகளில் பெரும்பாலானவை பெண் பெயர்கள், கையெழுத்துகளும் அப்படித்தான். கரடிப் பொறி அட்டையில், பிராங்க்ளின் முகம் பொறித்த பச்சை நிற ஒரு சென்ட் அஞ்சல்தலைக்கு இடப்புறம், அக்கா ஒருத்தி தங்கைக்குத் தன் இருமல் குறைந்துவிட்டதையும், சனிக்கிழமை எந்த ரயிலில் வருகிறாள் என்பதையும் எழுதியிருக்கிறாள். படத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.