வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

அன்புள்ள அம்மா,

சென்ற வாரம் நீங்கள் கண்கலங்கியபோது, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஆறுதலை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் கொழுந்தனார் சொல்கிறார் என்பதற்காக வீட்டை அடகு வைத்து, பிளஸ் டூ முடித்த உங்கள் மகனை நிர்வாக ஒதுக்கீட்டில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ப்பது தவறு என்றே கருதுகிறேன்.

என் மேசையிலிருந்த கணினியில் சி.பி.யூ. எது என்று உங்கள் மகனிடம் கேட்டேன். அவன் கீழே இருந்த பெட்டியைக் காட்டினான். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால் அவனைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையில் அது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிறு சில்லு. ராம் என்றால் மெமரி கார்டு என்றான். உங்கள் மளிகைக் கடையை வைத்தே விளக்கினேன்: சரக்கு அடுக்கிய கிடங்கு ஹார்ட் டிஸ்க், அப்போதைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் பரப்பும் மேசை ராம், கணக்குப் போடும் அப்பா சி.பி.யூ. "கரண்ட் போனால் மேசை காலியாகிவிடும், அதனால்தான் சேவ் பண்ணச் சொல்கிறார்களா?" என்று உடனே கேட்டான். பிறகு, கடைக்கு வரவேண்டிய கடன் பாக்கிகளைக் கைப்பேசியில் எக்செல் அட்டவணையாக்கி, கூட்டுத்தொகை தானே வரும்படி செய்திருந்ததைக் காட்டினான். அவன் கண்ணில் ஒளி தெரிந்தது அப்போதுதான். கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவனை, முதல் ஆண்டிலேயே நுண்கணிதம் காத்திருக்கும் படிப்பில் தள்ளுவானேன்?

பி.காம்., பி.சி.ஏ. பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ. என்றால் வெல்டரும் ஃபிட்டரும் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அங்கே 'கோபா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கணினி இயக்குபவர் மற்றும் நிரலாக்க உதவியாளர் என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மொத்தம் 1,200 மணி நேரப் பயிற்சியில் 840 மணி நேரம் செய்முறை. கணினியின் பாகங்களை அடையாளம் காண்பதில் தொடங்கி, விண்டோஸ் நிறுவுதல், லினக்ஸ் கட்டளைகள், எக்செல், தரவுத்தளம், இணையப் பக்கம் அமைத்தல், இணையப் பாதுகாப்பு என்று படிப்படியாக ஏறும் பாடத்திட்டம் அது. உங்கள் மகன் எந்த இடத்தில் நிற்கிறானோ, அங்கிருந்தே அது தொடங்குகிறது. இறுதியில் அகில இந்தியத் தொழில் தேர்வு. தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ். அதன்பின் பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சிக்குப் போகலாம். பொதுத்துறை நிறுவனங்கள் சில இந்தப் பிரிவினரை 'பாசா' என்ற வேறு பெயரில் அழைக்கின்றன. அது தெரியாமலே பலர் அறிவிப்பைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். தெருமுனைக் கணினி மையத்தில் பல ஆயிரம் கட்டி வாங்கும் சான்றிதழை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். பட்டம் வேண்டுமென்றால், பிளஸ் டூ தேறியவன் பின்னர் தொலைநிலைக் கல்வியில் சேரத் தடையில்லை.

கொழுந்தனார் வருத்தப்படுவார். ஆனால் அந்தக் கடனை அடைக்கப்போவது அவரல்லர். அடுத்த முறை வரும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை மட்டும் கொண்டு வாருங்கள். விண்ணப்பத்தை அவனே இணையத்தில் நிரப்பட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்.