கோர்ஸ் தளங்களுக்கான ஸ்ட்ரக்சர்ட் டேட்டா வசதிகள் இந்தியாவில் கிடைக்காதா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆன்லைனில் கோர்ஸ் விற்கும் தளம் ஒன்று வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பது ஒரு கோர்ஸ் என்று கூகுளுக்குப் புரியவைக்கும் குறிப்பை, அதாவது கோர்ஸ் ஸ்கீமாவை (ஸ்ட்ரக்சர்ட் டேட்டா என்பது இதைத்தான்) எல்லாப் பக்கங்களிலும் சேர்த்தாயிற்று. கூகுளின் சோதனைக் கருவியும் பச்சை டிக் காட்டுகிறது. ஆனால் தேடிப் பார்த்தால் வழக்கமான நீல இணைப்பு மட்டும்தான். அமெரிக்காவில் இருக்கும் நண்பரோ "இங்கே கோர்ஸ் எல்லாம் அட்டை அட்டையாக வருகிறதே" என்கிறார். அப்படியானால் இந்த வசதி இந்தியாவுக்குக் கிடையாதா, விபிஎன் (வேறு நாட்டிலிருந்து இணையத்துக்கு வருவதுபோல் காட்டும் சேவை) போட்டால்தான் தெரியுமா என்று கேட்கிறீர்கள்.

கோயம்புத்தூரில் சின்னச் சின்னப் பயிற்சி நிலையங்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். இதே சந்தேகத்தை வாடிக்கையாளர்கள் குறைந்தது ஐந்தாறு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் பார்த்தவரை, பழியை முதலில் நாட்டின் மேல் போடுகிறோம். கடைசியில் காரணம் பெரும்பாலும் தேடிய மொழியாகவோ, நாம் படித்த கட்டுரையின் தேதியாகவோ இருக்கிறது.

முதலில் மொழி. கூகுள் தன்னுடைய ஒவ்வொரு ஸ்ட்ரக்சர்ட் டேட்டா வசதிக்கும் தனியாக ஒரு விளக்கப் பக்கம் வைத்திருக்கிறது. பல பக்கங்களில் அந்த வசதி எங்கே, எந்த மொழியில், எந்தச் சாதனத்தில் கிடைக்கும் என்று ஒரு சிறிய பகுதி இருக்கும். நாம் எல்லோரும் அதைத் தாண்டிப் போய் நேராக நிரல் (கோடு) மாதிரியைக் காப்பி செய்கிற ஆட்கள். அந்த நாலு வரியைப் படித்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

ஒரு உதாரணம். ஃபிளாஷ்கார்டு பாணியில் கேள்வி பதில் வைத்திருக்கும் கல்வித் தளங்களுக்கென்று 'எஜுகேஷன் க்யூ அண்ட் ஏ' என்ற கரோசல் (பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் அட்டை வரிசை) உண்டு. அந்தப் பக்கத்தில், கூகுள் தேடல் இயங்கும் எல்லாப் பகுதிகளிலும் கிடைக்கும் என்று போட்டிருக்கும். அப்பாடா என்று நிம்மதியாக வேலையைத் தொடங்கிவிடுவோம். ஆனால் அதே வாக்கியத்தில் மொழிகளும் இருக்கின்றன: ஆங்கிலம், போர்ச்சுகீசியம், மெக்சிகோ ஸ்பானியம், வியட்நாமியம். தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. ஆகவே சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்தில் தேடுகிறவருக்கு அது வரலாம். நியூஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு தமிழில் தேடுகிறவருக்கு வராது. பிளஸ் டூ உயிரியலுக்குத் தமிழில் நூற்றுக்கணக்கான ஃபிளாஷ்கார்டு செய்து, ஸ்கீமாவையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, இந்தியாவை ஒதுக்குகிறார்கள் என்று வருத்தப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், அவர் பார்த்திருக்க வேண்டியது நாடுகளின் பட்டியல் அல்ல, மொழிகளின் பட்டியல்.

நிஜமாகவே நாட்டைப் பொறுத்த வசதிகளும் இல்லாமல் இல்லை. 2024 தொடக்கத்தில் கூகுள் சோதனை நிலையில் ஒரு கரோசலை வெளியிட்டது. ஒரே தளத்தின் பல பொருள்களை, கடைகளை, நிகழ்ச்சிகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்படி காட்டுவது அது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகள், துருக்கி, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றில் மட்டும் என்று அதன் விளக்கப் பக்கமே சொல்கிறது. ஐரோப்பாவில் கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள் அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து கடைப்பிடிக்க வேண்டியிருந்த டிஜிட்டல் சந்தைச் சட்டத்தை ஒட்டி வந்த ஏற்பாடு இது. இதைப் படித்த பலர் "கரோசல் என்றாலே ஐரோப்பாவுக்குத்தான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் இந்தச் சோதனைக் கரோசலில் கோர்ஸ் என்ற வகையே சேர்க்கப்படவில்லை. உங்கள் கோர்ஸ் வரிசைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பெயரில் இருக்கும் ஒற்றுமைதான் ஆளைக் குழப்புகிறது.

அடுத்தது தேதி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே நன்றாக அடிபட்டவன்.

கூகுள் 2023-இல் 'கோர்ஸ் இன்ஃபோ' என்று ஒரு புதிய வகையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே இருந்த 'கோர்ஸ் லிஸ்ட்' வகையில் பெயரும் சின்ன விவரிப்பும் இருந்தாலே போதும். இதில் அப்படி இல்லை. கட்டணமா, இலவசமா, பாதி இலவசமா, சந்தாவா என்று சொல்ல வேண்டும். ஆன்லைனா, நேரிலா, இரண்டும் கலந்ததா என்று சொல்ல வேண்டும். மொத்தம் எத்தனை மணி நேரப் படிப்பு என்பதைக்கூட அதற்குரிய குறியீட்டில் எழுத வேண்டும். டேலி, ஜிஎஸ்டி, ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தும் ஒரு வாடிக்கையாளருக்கு நான் 2024-இல் இதைச் செய்து கொடுத்தேன். கோடு எழுதியது இரண்டு நாள். ஆனால் "சார், இந்தக் கோர்ஸ் எத்தனை மணி நேரம்?" என்று ஒவ்வொரு ஆசிரியரையும் துரத்தித் துரத்திக் கேட்டதற்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒருவர் "பையன் புரிந்துகொள்கிற வரைக்கும்" என்று பதில் சொன்னார். நல்ல ஆசிரியர்தான், ஆனால் அந்தப் பதிலை ஸ்கீமாவில் எழுத வழியில்லை.

2025 ஜூனில் அந்த வசதியையே எடுத்துவிடுவதாகக் கூகுள் அறிவித்தது. கோர்ஸ் இன்ஃபோ மட்டுமல்ல, லேர்னிங் வீடியோ, எஸ்டிமேட்டட் சாலரி, க்ளெய்ம் ரிவ்யூ, வெஹிக்கிள் லிஸ்டிங் உட்பட மொத்தம் ஏழு வகைகள். தேடலில் இவை அதிகம் பயன்படவில்லை, பயனருக்குப் பெரிய கூடுதல் பலனும் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். எடுத்ததால் பக்கங்களின் ரேங்க் பாதிக்காது என்றும் சொன்னார்கள். கல்வித் தளங்களுக்கு இருந்த 'ப்ராக்டிஸ் ப்ராப்ளம்' வகையையும் எடுத்துவிடுவதாக அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், படிப்பு சம்பந்தப்பட்ட ரிச் ரிசல்ட்டுகளில் (வெறும் நீல இணைப்பாக இல்லாமல் கூடுதல் விவரத்தோடு வரும் தேடல் முடிவுகளில்) பாதிக்கு மேல் இன்று எந்த நாட்டிலும் கிடையாது.

மேலே சொன்ன வாடிக்கையாளருக்கு அமெரிக்காவின் எடிசனில் ஒரு மச்சான். அவர் வாட்ஸப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "மாப்ளே, இங்கே மத்தவங்க கோர்ஸ் எல்லாம் விலை, மணி நேரத்தோட வருது, உங்களுது மட்டும் வரலையே, வெப்சைட் பண்ணினவன் ஏமாத்திட்டான் போல" என்று எழுதியிருந்தார். அவர் ஏமாற்றுக்காரன் என்று சொன்ன ஆள் நான்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் மூலையில் தேதி இருந்தது, 2024-இல் எடுத்த படம். இருவரையும் போனில் வைத்துக்கொண்டு ஒரே ஆங்கிலச் சொற்றொடரை ஒரே நேரத்தில் தேடச் சொன்னேன். எடிசனிலும் கோயம்புத்தூரிலும் அதே நீல இணைப்புதான் வந்தது. உங்கள் நண்பர் என்ன பார்த்தார் என்பதையும் இப்படி நேரடியாகச் சோதித்துவிடுங்கள். அவர் எந்தச் சொல்லை, எந்த மொழியில், எப்போது தேடினார் என்று தெரியாமல் இரண்டு நாடுகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

சரி, மிச்சம் இருப்பது என்ன? பழைய 'கோர்ஸ் லிஸ்ட்' இருக்கிறது. ஒரே தளத்தின் கோர்ஸ்களை வரிசையாகக் காட்டக்கூடியது அதுதான். அதற்குச் சில விதிகள் உண்டு. தளத்தில் குறைந்தது மூன்று கோர்ஸ்களாவது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டியல் பக்கத்தில் ஐட்டம்லிஸ்ட் (பட்டியலைக் குறிக்கும் ஸ்கீமா வகை), அதிலிருந்து ஒவ்வொரு கோர்ஸின் தனிப் பக்கத்துக்கும் இணைப்பு. எல்லாம் ஒரே டொமைனில் (தளத்தின் இணைய முகவரியில்) இருக்க வேண்டும். நம் ஊரில் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பட்டியல் அவர்களுடைய தளத்தில் இருக்கும், கோர்ஸ் பக்கமோ வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு கற்பித்தல் செயலியின் டொமைனில் இருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் லண்டனில் இருந்தாலும் வராது.

எதைக் கோர்ஸ் என்று சொல்லலாம் என்பதற்கும் வரையறை இருக்கிறது. பாடங்கள் கொண்ட ஒரு தொடராக இருக்க வேண்டும், படித்து முடித்தால் இன்ன அறிவோ திறனோ கிடைக்கும் என்று இருக்க வேண்டும், நடத்த ஆள் இருக்க வேண்டும். இரண்டு நிமிட சாண்ட்விச் வீடியோ கோர்ஸ் ஆகாது என்று கூகுளே உதாரணம் காட்டுகிறது. நம்மிடம் ஒரு மணி நேர இலவச வெபினாரைக் கோர்ஸ் என்று குறித்த தளங்கள் நிறைய. பெயரில் "தமிழகத்தின் நம்பர் ஒன்", "இன்றைக்கு மட்டும் 499 ரூபாய்" என்றெல்லாம் எழுதுவதும் கூடாது. போஸ்டருக்கு எழுதுகிற பழக்கம் கையை விட்டுப் போகாது, என்ன செய்வது.

விவரிப்பு 60 எழுத்துக்குள்தான் காட்டப்படும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "இந்தப் பயிற்சியின் வாயிலாக நீங்கள் கற்றுக்கொள்ளவிருப்பவை" என்று ஆரம்பித்தால் விஷயம் வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். "டேலியில் ஜிஎஸ்டி பில், ரிட்டர்ன் தாக்கல்" என்று நேராகத் தொடங்குங்கள்.

நட்சத்திர மதிப்பீடும் கோர்ஸ் வகைக்கு இன்னும் அனுமதிக்கப்பட்ட ஒன்றுதான். ஆனால் அந்த மதிப்பீடுகள் பக்கத்தில் படிப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஸ்கீமாவுக்குள் மட்டும் 4.9 என்று ஒளித்து வைத்தால், மாட்டினால் ரிச் ரிசல்ட் தகுதியே போய்விடும்.

அப்புறம் அந்தப் பச்சை டிக். கூகுளின் சோதனைக் கருவியான ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்டில் அந்த டிக்கைத் திறந்து, எந்த வகைக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்களான ப்ளகின்கள் பல, பிரெட்கிரம்ப்பை (பக்கம் தளத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று காட்டும் வழித்தடத்தை) தானாகவே சேர்த்துவிடும், டிக் அதற்கு வந்திருக்கும். கோர்ஸ் லிஸ்ட் என்ற வரியே இல்லாமல் "பாஸ் ஆகிவிட்டது" என்று இருந்துவிடுவோம். ஸ்கீமா வகைகளை வரையறுக்கும் ஸ்கீமா.ஆர்க் தளத்தின் வேலிடேட்டரில் (சரிபார்க்கும் கருவியில்) சோதித்திருந்தால் இன்னும் மோசம். உலகத்தில் உள்ள எல்லா ஸ்கீமா வகையையும் அது சரி என்று சொல்லும், கூகுள் அதைக் காட்டுகிறதா இல்லையா என்பது அதன் வேலை அல்ல. கூகுளின் கருவியிலேயே கோர்ஸ் லிஸ்ட் என்று டிக் வந்தாலும் அது தகுதி மட்டும்தான், கட்டாயம் காட்டுவோம் என்ற வாக்குறுதி இல்லை.

விபிஎன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். இன்காக்னிட்டோ ஜன்னலில் தேடல் முகவரியின் கடைசியில் ஜிஎல் (gl), எச்எல் (hl) என்ற இரண்டு குறிகளை மாற்றிப் பார்க்கலாம். முதலாவது நாடு, இரண்டாவது கூகுள் உங்களோடு பேசும் மொழி. எச்எல் என்பது நீங்கள் தட்டும் சொல்லின் மொழி அல்ல என்பதைக் கவனியுங்கள். நாட்டை அப்படியே வைத்துக்கொண்டு தேடும் சொல்லைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை கொடுங்கள். பிறகு சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு நாட்டை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். நேரில் அங்கிருந்து தேடுவதற்கு இது முழு ஈடாகாது என்றாலும் நம் தேவைக்குப் போதும். போனிலும் லேப்டாப்பிலும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் சாதனத்தைப் பொறுத்தும் மாறும். பிரெட்கிரம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், 2025 ஜனவரியில் மொபைல் முடிவுகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், கணினியில் மட்டும் தெரியும்.

உங்கள் தளம் தமிழ், ஆங்கிலம் இரண்டும் கலந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஒரே பக்கத்தில் மேலே தமிழ், கீழே ஆங்கிலம் என்று இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். ஒவ்வொரு கோர்ஸுக்கும் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், இரண்டையும் எச்ரெஃப்லாங் (hreflang, ஒரு பக்கத்தின் வேறு மொழி வடிவம் எது என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) மூலம் இணையுங்கள். ஸ்கீமாவில் பாடம் நடத்தும் மொழியைக் குறிக்கும் இடத்தில் உண்மையான மொழியைப் போடுங்கள். ஆங்கிலப் பக்கம் இருந்தாலும் வகுப்பு தமிழில் நடந்தால் அங்கே தமிழ்தான் வர வேண்டும். துபாயிலிருந்து சேர்ந்துவிட்டு "எல்லாம் தமிழ்ல இருக்கே" என்று பணத்தைத் திருப்பிக் கேட்ட மலையாளி ஒருவரின் கதை எங்கள் ஆபீஸில் இன்னும் ஓடுகிறது.

கோர்ஸ் இன்ஃபோவுக்காக எழுதிய பழைய வரிகளை நீக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம், இருந்தால் கெடுதல் இல்லை. என் வாடிக்கையாளர் தளத்தில் இன்னும் அப்படியேதான் விட்டிருக்கிறேன். மூன்று வாரம் துரத்திச் சேகரித்த மணிக்கணக்கை மட்டும் எடுத்து ஒவ்வொரு கோர்ஸ் பக்கத்தின் மேலேயும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டுவிட்டேன். சேர்வதற்கு முன் போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.