பெயர் ஒன்று, வாட் வேறு: ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப், அதாவது 3டி, வடிவமைப்பு போன்ற கனமான வேலைக்கான லேப்டாப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களைப் பற்றிய வசவுகளையும் எடுத்துவிட்டேன், சிலது நியாயமாகவே இருந்தாலும்.

கேள்வி: 3டி அனிமேஷன் வேலைக்காக நானும் நண்பரும் ஒரே வாரத்தில் லேப்டாப் வாங்கினோம். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு. என்னுடையது மெலிசு, அவருடையது தடி. ஒரே காட்சியை ரெண்டர் போட்டால் அவருக்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. என் மெஷினில் ஏதாவது கோளாறா?

பதில்: மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. விற்றவர் உங்களிடம் ஒரு எண்ணைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இது என் நெடுநாள் எரிச்சல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் வரும் 4070-க்கு, அதைத் தயாரிக்கும் என்விடியா கொடுத்திருக்கும் மின் அளவு 35 வாட்டில் தொடங்கி 115 வாட் வரை. அதற்குள் எங்கே நிறுத்துவது என்பது லேப்டாப் செய்பவர் இஷ்டம். மெலிசான உடம்பில் சூடு வெளியேற இடமில்லை, அதனால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். சிப் அதே, ஸ்டிக்கர் அதே, வேகம் மட்டும் வேறு. முன்பெல்லாம் குறைந்த வாட்டில் ஓடும் கார்டின் பெயரில் ‘மேக்ஸ்-க்யூ’ என்று ஒரு வால் இருக்கும். வாங்குகிறவர் அதைப் பார்த்தாவது சுதாரித்துக்கொள்வார். 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டுகள் லேப்டாப்புக்கு வந்தபோது அந்த வாலையும் நறுக்கிவிட்டார்கள்.

போதாக்குறைக்கு, மேஜைக் கணினியின் பெயரையே லேப்டாப்புக்கும் வைக்கிறார்கள். மேஜைக் கணினியின் 4090-இல் 24 ஜிபி நினைவகம், கணக்குப் போடும் கோர்கள் 16,384. லேப்டாப் 4090-இல் 16 ஜிபி, 9,728 கோர்கள். பெயரில் மட்டும் எந்தக் குறையும் இல்லை!

கடையில் “எத்தனை வாட்?” என்று கேளுங்கள். “8 ஜிபி சார்” என்று பதில் வரும். விடாதீர்கள். காட்சிக்கு வைத்திருக்கும் மெஷினில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போனால் ‘மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்’ என்று ஒரு வரி வரும். அதைப் படித்த பிறகு பர்ஸைத் திறந்தால் போதும். உங்கள் மெஷினில் பெர்ஃபார்மன்ஸ் மோடு ஆனில் இருக்கிறதா, ஒரிஜினல் சார்ஜர் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கொஞ்சம் தேறும். நண்பரை எட்டிப் பிடிக்க முடியாது.

கேள்வி: 16 ஜிபி ராமோடு வாங்கினேன், பிறகு 64 ஆக்கிக்கொள்ளலாம் என்று. திறந்து பார்த்த சர்வீஸ்காரர் ராமைப் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறது, கூட்ட முடியாது என்கிறார். கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: எதற்காக? ஸ்பெக் ஷீட்டில் ராமின் வகையை ‘எல்பிடிடிஆர்5எக்ஸ், ஆன்போர்டு’ என்று எழுதித்தானே விற்றார்கள்? இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் பொருளுக்கு அந்த ஒரு பக்கத்தைப் படிக்க உங்களுக்கு நேரமில்லை. ‘எல்பி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் போர்டோடு ஒட்டியதுதான். விதிவிலக்கு, திருகாணி போட்டு மாட்டும் ‘கேம்’ (CAMM) வகை ராம். டெல் 2022-இல் தன் பிரிசிஷன் மாடல்களில் கொண்டுவந்தது, 2023 டிசம்பரில், நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு ‘கேம்2’ என்று பொதுத் தரமாக்கியது. உங்களுடையது அது இல்லை. நல்ல விலை கிடைக்கும்போதே விற்றுவிட்டு வேறு பாருங்கள்.

கேள்வி: பழைய லேப்டாப்பின் டிடிஆர்4 ராமைப் புதிய டிடிஆர்5 மெஷினில் போடலாமா?

பதில்: போகாது. ராம் பட்டையின் விளிம்பில் இருக்கும் வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

கேள்வி: சேமித்த பணத்தில் செகண்ட் ஹேண்ட் ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ் போட்டே கொடுத்தார்கள். சில வாரம் கழித்து நான் புதிதாக விண்டோஸ் ஏற்றியபோது, ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அவர்கள் கணக்கில் உள்நுழையச் சொல்கிறது. கடைக்காரர் “வாரன்ட்டி ஹார்டுவேருக்குத்தான், சாஃப்ட்வேருக்கு இல்லை” என்கிறார். நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அல்லது கடைக்காரரையே வேறொருவர் ஏமாற்றியிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் அவர்தான்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளின் அடையாளத்தை நிறுவன மெஷின்களைத் தானாக அமைத்துக் கொடுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் பதிந்து வைத்திருக்கும். டிஸ்க்கை அழித்தாலும், மாற்றினாலும் அந்தப் பதிவு போகாது, ஏனென்றால் அது மெஷினுக்குள் இல்லை. நிறுவனம் நீக்கினால்தான் உண்டு. நீக்காமல் லாட்டாகத் தள்ளிவிட்டிருக்கலாம், திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். “இன்டர்நெட் இல்லாமல் ஏற்றினால் சரியாகிவிடும்” என்பார்கள். கேட்காதீர்கள், அடுத்த ரீசெட்டில் அதே திரை வந்து நிற்கும்.

அந்தத் திரையை நிறுவனத்தின் பெயர் தெரியும்படி படமெடுங்கள். அடியில் இருக்கும் சீரியல் எண், பில், பணம் கட்டிய சான்று எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்கு எழுத்தில் அனுப்பிக் கெடு கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் சர்ச்சை எழுப்புங்கள். நிறுவனத்தின் ஐடி பிரிவுக்கும் சீரியல் எண்ணோடு எழுதுங்கள். முறையாக விற்ற மெஷின் என்றால் விடுவித்துத் தருவார்கள். இது கடைக்காரர் சொல்வதுபோல் சாஃப்ட்வேர் பிரச்சினை அல்ல, பொருள் யாருடையது என்ற பிரச்சினை. அதை அவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள்.

வாங்கப் போகிறவர்கள்: பணம் கொடுக்கும் முன் கடையிலேயே நெட்டை இணைத்து ஒரு ரீசெட் போடச் சொல்லுங்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) போய் பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பாருங்கள். “அதெல்லாம் நேரமாகும்” என்றால் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: சார்ஜர் தொலைந்துவிட்டது. அதே பின், அதே வோல்ட் பார்த்துப் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். லேப்டாப் ஆன் ஆகிறது, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது. ப்ராசசர் 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை.

பதில்: பிளக்கின் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவே ஊசி போல ஒரு மெல்லிய பின் தெரிகிறதா? சில கம்பெனிகளில் அது ‘நான் 240 வாட் சார்ஜர்’ என்று லேப்டாப்புக்குத் தகவல் சொல்ல மட்டும். அந்தத் தகவல் வராவிட்டால் லேப்டாப் சார்ஜரை நம்பாது. பேட்டரியை ஏற்றாது, ப்ராசசரையும் அடிமட்டத்தில் பிடித்து வைக்கும். பயாஸில் அடாப்டர் வகை ‘அன்நோன்’ என்று இருந்தால் விஷயம் இதுதான். ஒரிஜினலையே வாங்குங்கள். வாங்கிய பிறகும் இப்படியே இருந்தால் லேப்டாப் பக்கத்து ஜாக் போயிருக்கும். இப்படிப்பட்ட டூப்ளிகேட் ஒன்று என் டிராயரிலும் கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை, கொடுத்த காசு அப்படி.

கேள்வி: வாரன்ட்டியில் மதர்போர்டு மாற்றித் தந்தார்கள். இப்போது விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்கிறது. அப்படி எதையும் நான் வைத்ததே இல்லை. பேக்கப்பும் இல்லை.

பதில்: நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் தானாக வைத்தது. வேறு மெஷினில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் ரெக்கவரி கீ இருக்கிறதா பாருங்கள். அலுவலகக் கணக்கென்றால் ஐடி ஆளிடம் இருக்கும். இரண்டிலும் இல்லையென்றால் டேட்டா போனது போனதுதான். ‘மீட்டுத் தருகிறோம்’ என்பவர்களுக்குப் பணம் கொடுத்து இன்னொரு முறை ஏமாறாதீர்கள். பேக்கப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் உங்களுக்கும் எனக்கும் கசப்பு.

கேள்வி: தம்பி கட்டடக் கலை படிக்கிறான். ‘சர்டிஃபைடு’ மாடல் என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். தேவையா?

பதில்: தம்பிக்குத் தேவையில்லை. அந்த மாடலையும் டிரைவரையும் சாஃப்ட்வேர்காரர்கள் சோதித்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். கெடு வைத்து வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது கொடுக்கும் காசுக்குத் தகும். மாணவருக்கு அதே பணத்தில் ராமும் நல்ல திரையும்.

கேள்வி: டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பிவிட்டது, க்ளிக் ஆகவில்லை. மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவெல்லாம் வைத்தேன். சரியாகவில்லை. டச்பேட் என்ன விலை வரும்?

பதில்: புத்தகங்களை எடுங்கள், இப்போதே. கெட்டது டச்பேட் இல்லை, அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கலாம். ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். சர்வீஸ் சென்டரில் முதல் வார்த்தையே “பேட்டரி உப்பியிருக்கிறது” என்று சொல்லிக் கொடுங்கள். பழையதைக் குப்பையில் போடக் கூடாது. புதியது போட்ட பிறகு, எந்நேரமும் சார்ஜரிலேயே இருக்கும் மெஷின் என்றால் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள்.