சீட்டோ என்ற ராணுவக் கூட்டணி ஏன் கலைந்தது?

சீட்டோ என்பது தென்கிழக்கு ஆசிய ஒப்பந்த அமைப்பு. கம்யூனிசம் பரவாமல் தடுக்க 1954 செப்டம்பரில் மணிலாவில் எட்டு நாடுகள் கையெழுத்திட்டன. தலைமையகம் பாங்காக்.

பெயரில்தான் தென்கிழக்கு ஆசியா. அந்தப் பகுதி நாடுகள் தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் மட்டுமே. மற்றவை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான். தெருவுக்குக் காவல் போடச் சேர்ந்த எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் தெருக்காரர்கள் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அதற்கென்று நிரந்தரப் படையும் கிடையாது.

உண்மையான சிக்கல், ஆளுக்கொரு எதிரி என்பது. பாகிஸ்தான் மனதில் இருந்தது இந்தியா. அமெரிக்காவோ, கம்யூனிஸ்ட் தாக்குதலுக்கு மட்டுமே தன் வாக்குறுதி பொருந்தும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்துவிட்டது. இந்தியாவுடனான 1965 போரில் பாகிஸ்தானின் உதவிக்கு சீட்டோ வரவில்லை, 1971 போரிலும் இல்லை. அப்புறம் பாகிஸ்தான் விலகியது. வியட்நாம் போரிலும் பிரான்ஸ் போன்றவை ஒதுங்கிக்கொண்டன. 1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்தது. 1977 ஜூன் 30-இல் கடையைக் கட்டினார்கள்.

சீட்டோதான் பிறகு ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு ஆனது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஆசியான் 1967-லேயே தனியாகத் தொடங்கிய அமைப்பு, அது ராணுவக் கூட்டணியும் அல்ல.